ஒரே டிக்கெட்டில் கொழும்பு: புதுக்கோட்டைக் குடும்பங்களின் அக்கரைப் பயணம்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கிடப்பது பாக் நீரிணை ஒன்றுதான். கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ விசைப்படகு ஏறுகிற மீனவர் சில மணி நேரத்தில் நெடுந்தீவுப் பக்கத்துக் கடலுக்குப் போய்விடுகிறார். ஆனால் இதே ஊர்களிலிருந்து ஒரு குடும்பம் முறைப்படி அக்கரை போய்வர நினைத்தால், அதற்கான வழி கடந்த இருநூறு ஆண்டுகளில் ஐந்தாறு முறை மாறியிருக்கிறது. தோணி, காட்டுவழி நடை, நீராவிக் கப்பல், ரயிலும் கப்பலும் சேர்ந்த போட் மெயில், விமானம் என்று அந்த வரிசை நீளும். வண்டி மாறியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு: பயணத்தை யார் ஏற்பாடு செய்தார்கள், யாருடைய கையெழுத்து இருந்தால் புறப்பட முடிந்தது என்பது. அதைப் பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும்.

இன்றைய மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. அதற்கு முந்தைய தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் கரை அப்போது தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. சமஸ்தானத்துக் குடியானவர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அறந்தாங்கி தாண்டி அந்நிய எல்லைக்குள் நடக்க வேண்டும். கரையோர ஊர்களின் முஸ்லிம் வணிகர்களும் மீனவர்களும் யாழ்ப்பாணத்தோடும் மன்னாரோடும் கொண்டிருந்த உறவு மிகப் பழையது. அரிசி, கருவாடு, துணி, ஆடு, மாடு ஏற்றிப் போகும் தோணிகளில் ஆட்களும் ஏறிக்கொண்டார்கள். அந்தப் பயணத்துக்கு நாள் குறித்தது காற்றுதான். கச்சான் காற்றில் கிழக்கே போவது எளிது. வாடை பிடித்துவிட்டால் தோணிகள் கரையேறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அக்கரைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. கப்பலும் எஞ்சினும் வந்த பிறகுகூட இந்தப் பருவக் கணக்கு மாறவில்லை என்பதைப் பின்னால் காணலாம்.

1830-களில் இலங்கையின் கண்டி மலைகளில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்கள் போடத் தொடங்கியபோது இந்தச் சிறு போக்குவரத்து பெருவெள்ளமாயிற்று. திருச்சி, மதுரை, ராமநாதபுரம், தஞ்சை, சேலம் ஜில்லாக்களோடு புதுக்கோட்டைச் சமஸ்தானமும் தோட்டங்களுக்கு ஆள் கொடுத்த முக்கியமான பகுதி. வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லையென்றால் பஞ்சம் என்ற ஊரில் 'கண்டிச் சீமை' என்பது கூலி கிடைக்கும் இடத்தின் பெயராக இருந்தது. போனவர்களில் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி; கள்ளர், அகமுடையார் உள்ளிட்ட மற்றவர்களும் போனார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் அந்தக் கூட்டத்தைப் பெருக்கியது.

அன்றைய வழி கொடியது. ஊரிலிருந்து நடந்து தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் போன்ற துறைகளில் ஒன்றுக்கு வர வேண்டும். அங்கே தோணிக்காகக் காத்திருந்து மன்னார்க் கரையில் இறங்க வேண்டும். கடலைக் கடந்ததோடு துன்பம் முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்கியது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குப் போகும் 'வடக்குப் பாதை' பெரும்பாலும் தண்ணீரில்லாத காடு. காலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே எத்தனையோ பேரை வீழ்த்தின. எத்தனை பேர் என்பதற்கு ஒழுங்கான கணக்கை அன்றைய அரசாங்கமும் வைக்கவில்லை, துரைமாரும் வைக்கவில்லை. தப்பிப் போனவர்கள் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் அதே வழியில் திரும்பி வந்தார்கள். காப்பிக்குப் பருவ வேலை என்பதால் போனவர்களில் ஆண்களே அதிகம்.

1869-ல் காப்பி இலையில் துரு நோய் தோன்றிப் பரவி, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தைப் பிடித்த தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். அதைப் பறிக்கப் பெண்களின் கை வேண்டும். ஆகவே தோட்ட நிர்வாகம் தனி ஆளை விட்டுவிட்டுக் குடும்பத்தை அழைக்கத் தொடங்கியது. மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஒண்டிக்கட்டைகள் திரளாகப் போன காலத்தில், இலங்கைக்குப் புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து கணவன், மனைவி, குழந்தை, கிழவி என்று வீடே கிளம்பியதற்குக் காரணம் இந்தச் செடிதான்.

அந்தப் பயணத்தின் ஏற்பாட்டாளர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், உறவுக்காரர். முன்பணம் கொடுத்து ஊர்க் கடனை அடைப்பது, வழிச்சோறு, தோணிக்கூலி, பின்னாளில் ரயில் டிக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. அத்தனையும் குடும்பத்தின் பற்றில் ஏறும். மலையில் போய் இறங்கும்போதே அந்தக் குடும்பம் கடனாளி. ஒரு கங்காணியிடமிருந்து இன்னொருவரிடம் மாற வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தக் காகிதத்தில் உள்ள தொகையை அடுத்த தோட்டம் கட்டினால்தான் குடும்பம் நகரும். பயணச் செலவை இன்னொருவர் கையில் விட்டதற்கு இந்த மக்கள் கொடுத்த விலை அது. இலங்கை அரசு 1921-ல் துண்டு முறையைச் சட்டப்படி ஒழித்தது.

1899-ல் பிளேக் அச்சத்தால் வடக்குப் பாதை மூடப்பட்டது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலேற வேண்டும் என்றானது. தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் நோய்த்தடுப்பு முகாம் அமைந்தது. காட்டில் சாவது குறைந்தது. முகாமில் காத்திருப்பது கூடியது. அந்த நாட்களில் வந்த புதுமைதான் தகரத் துண்டு. நடுவில் துளையிட்ட சிறிய உலோக வில்லை. அதில் தோட்டம் இருக்கும் பகுதியையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ள வேண்டும். அதைக் காட்டினால் ரயில், முகாம், கப்பல், மறுகரை ரயில் எல்லாவற்றிலும் அனுப்பிவைப்பார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வழி தவறாமல் போய்ச் சேர வசதிதான். ஆனால் சாக்கு மூட்டைக்குப் போடும் முத்திரைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தோட்ட முதலாளிகள் சார்பில் ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்த 1904-ல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் அலுவலகம் திறக்கப்பட்டது. புதுக்கோட்டைக் கிராமத்துக் குடும்பம் ஒன்றின் பயணத் திட்டம் அதற்குப் பிறகு திருச்சியில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேய அதிகாரியின் மேசையில் முடிவாயிற்று.

இதே மண்ணிலிருந்து முற்றிலும் வேறு விதமாகக் கடல் தாண்டியவர்களும் உண்டு. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, ராமச்சந்திரபுரம், நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை, மேலைச்சிவபுரி என்று சமஸ்தானத்துக்குள் இருந்த நகரத்தார் ஊர்களில் வெளிநாட்டுத் தொழிலுக்குக் கிளம்புவதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பார்கள். நல்ல நாள் பார்த்து, கோயிலில் அர்ச்சனை செய்து, பங்காளிகளிடம் பயணம் சொல்லிக்கொண்டு புறப்படுவது முறை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாள், மேலாள் என்று உயர்வார். ஏறத்தாழ மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார். கொழும்பில் இவர்களின் கிட்டங்கிகள் செட்டியார் தெருவில் இருந்தன. ரங்கூனுக்குச் சென்னையிலிருந்தும், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் உண்டு. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பலின் பெயர் இந்த வட்டாரத்துப் பெரியவர்களின் நினைவில் நீண்ட காலம் இருந்தது. நகரத்தார் பயணத்தில் குடும்பம் பொதுவாகப் போகவில்லை. ஆச்சிமார் அந்தப் பெரிய வீடுகளில் இருந்தபடியே கணக்குப் பார்த்தார்கள். கூலி வேலைக்குப் போன வீட்டில் எல்லாரும் போனார்கள். வட்டித் தொழிலுக்குப் போன வீட்டில் ஆண் மட்டும் போனார். ஒரே தாலுகாவில் இந்த இரண்டு வழக்கமும் அருகருகே நடந்தன.

உண்மையிலேயே குடும்பத்தோடு மத்தியதரைக் கடற்கரை வரை போன புதுக்கோட்டைக்காரர் ஒருவர் உண்டு என்றால் அவர் மன்னரேதான். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. புதுக்கோட்டையில் சில மாதங்களே தங்கிய தம்பதி வெளியேறினர். அடுத்த ஆண்டு சிட்னியில் மகன் பிறந்தான். உலகப் போர் முடிந்தபின் லண்டனிலும், தென் பிரான்சின் கடற்கரை நகரமான கானிலும் வாழ்ந்தார்கள். ஆட்சிப் பொறுப்பை அண்ணனிடம் விட்ட மன்னர் 1928 மே மாதம் பாரிஸில் இறந்தார். மாலி 1967-ல் கானிலேயே காலமானார். அந்தக் காலத்தில் தென்னாட்டிலிருந்து ஐரோப்பா போகிறவர்களுக்குப் பம்பாயும் கொழும்பும் இரண்டு வாசல்கள். சூயஸ் கால்வாய் கடந்து மார்சேய் துறைமுகத்தில் இறங்கி அங்கிருந்து ரயில் பிடித்தால், ஜிப்ரால்டரைச் சுற்றிக் கப்பலிலேயே லண்டன் போவதைவிடச் சில நாள் மிச்சம். கப்பலுக்காக நேரம் குறித்து ஓடும் ரயில், ரயிலுக்காகக் காத்திருக்கும் கப்பல் என்ற ஏற்பாடு அப்போது ஐரோப்பாவில் பழகிப்போன ஒன்று. அதே ஏற்பாடு பாக் நீரிணைக்கும் வந்தது.

சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி வரை ஓடி, கொழும்புக் கப்பலோடு இணைந்த ரயிலுக்கே முதலில் போட் மெயில் என்று பெயர். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் வழி மாறியது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், 145 கண்கள், நடுவே கப்பல் போக இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்ஸர் தூக்குப் பாலம் என்று அமைந்த அந்தப் பாலத்தைக் கடந்த ரயில், தனுஷ்கோடித் துறை மேடை வரை போனது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. பின்னர் இர்வின், கோஷன் வந்தன. தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவு முழுக்கக் கடலில் ஆடியபடி போனவர்களுக்கு இப்போது இரண்டு மணி நேரமே கடல்.

அப்போதும் புதுக்கோட்டை நகருக்கு ரயில் இல்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட பாதை 1903-லேயே அறந்தாங்கிக்கு வந்துவிட்டது. சமஸ்தானத் தலைநகருக்கு வரவில்லை. மாட்டு வண்டியிலோ ஜட்காவிலோ, பிறகு பஸ்ஸிலோ 50 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திருச்சியில் ரயிலேறி, மதுரை, மானாமதுரை சுற்றித்தான் தனுஷ்கோடி போக முடிந்தது. 1929-ல் திருச்சி–புதுக்கோட்டைப் பாதையும் 1930-ல் புதுக்கோட்டை–மானாமதுரைப் பாதையும் திறந்தபோது அந்தச் சுற்று ஒழிந்தது. போட் மெயில் புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகத் திரும்பியது. மூன்று தலைமுறையாகக் கண்டிச் சீமைக்கு ஆள் அனுப்பிய ஊர் அப்போதுதான் அந்தச் சீமைக்குப் போகும் நேர்வழியில் ஒரு நிலையமாயிற்று. தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும். பத்தே ஆண்டுகளில் அந்தப் போக்குவரத்துக்கே தடை வந்துவிட்டது.

அந்தப் பத்தாண்டுகளில் பயணம் எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முந்தின மாலை எழும்பூரில் கிளம்பிய வண்டி விடியலில் திருச்சியைத் தாண்டிக் காலையில் புதுக்கோட்டைக்கு வரும். மீட்டர் கேஜ் பாதை, மூன்றாம் வகுப்பில் மரப்பலகை இருக்கை. டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், கூஜா, வாழையிலையில் கட்டிய புளிச்சோறு ஆகியவை குடும்பப் பயணத்தின் வழக்கமான சாமான்கள். செட்டிநாடும் சிவகங்கைச் சீமையும் கடந்து, மானாமதுரையில் திரும்பி, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக வண்டி மண்டபம் சேரும். பாம்பன் பாலத்தில் வேகம் குறையும். சாமி கும்பிடுகிறவர்கள் அங்கே கடலில் காசு போடுவார்கள். பிற்பகலில் தனுஷ்கோடி. சுங்கச் சோதனை முடிந்து, கூலியாட்கள் பெட்டிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும் கப்பலுக்கு நடப்பார்கள். மாலை தலைமன்னார்த் துறையில் இலங்கை ரயில் காத்திருக்கும். அது அகலப் பாதை. மீட்டர் கேஜில் உட்கார்ந்து வந்தவருக்குப் பெட்டியின் விரிவே ஒரு வியப்பு. இரவு முழுக்க ஓடி மறுநாள் காலை கொழும்புக் கோட்டை நிலையம். இத்தனைக்கும் ஒரே டிக்கெட். தென்னிந்திய ரயில்வே, கப்பல், இலங்கை அரசு ரயில்வே மூன்றுக்கும் சேர்த்து எழும்பூரிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம்.

ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி அந்த ரயிலில் போகவில்லை. தோட்டத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அங்கே இருந்தது. மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மை குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள், துணிகளை ஆவியில் வைத்து எடுப்பார்கள், சில நாள் அடைத்து வைத்துக் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் போன வியாபாரிக்கும் வக்கீலுக்கும் பெரும்பாலும் சீட்டு ஒன்றோடு வேலை முடிந்துவிடும். நோய் என்னவோ வகுப்புப் பார்த்து வருவதில்லை. முகாம் வகுப்புப் பார்த்தது.

எதிர்த்திசையிலும் வண்டி நிறைந்தே வந்தது. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, மதுரை, சிதம்பரம், பழனி என்று போவார்கள். மாணிக்கவாசகர் எழுப்பியதாக மரபு சொல்லும் திருப்பெருந்துறை, அதாவது ஆவுடையார்கோயில், புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருவாசகம் ஓதி வளர்ந்தவர்களுக்கு அது விட்டுவிட முடியாத தலம். கல்யாணப் பட்டு, நகை, பாத்திரம் வாங்கவும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவும் வந்தவர்களும் உண்டு. மலைத் தோட்டங்களிலிருந்து பொங்கலுக்கோ, முடியிறக்கவோ, பெண் பார்க்கவோ வந்துபோனவர்களின் தொகை இவற்றுக்கெல்லாம் மேல். அவர்கள் மூட்டையில் தேயிலையும் மாசிக் கருவாடும் இருக்கும்.

1939-ல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்க முடிவு செய்தது. நேரு நேரில் போய்ப் பேசியும் பலனில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. பின்னர் அது சற்றுத் தளர்ந்தாலும், நினைத்தபோது போய்வரும் பழக்கம் அன்றோடு முறிந்தது. அக்கரையில் ஒரு மகன், இக்கரையில் ஒரு மகன் என்றிருந்த புதுக்கோட்டை வீடுகளில் காகிதம் என்ற புதிய சிக்கல் நுழைந்தது.

இரு நாடுகளும் விடுதலை பெற்றதும் அது முற்றியது. 1948-ம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டு நிறைவேறிய குடிவரவு–குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பாக் நீரிணையைக் கடக்கப் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. டிக்கெட்டும் கட்டுச்சோறும் போதும் என்றிருந்த பயணத்துக்கு இப்போது போட்டோ, விண்ணப்பம், பிறப்புச் சான்று, வரி பாக்கி இல்லை என்ற சான்று, அந்நியச் செலாவணி அனுமதி என்று ஒரு கத்தைக் காகிதம் தேவைப்பட்டது. மாதக் கணக்கில் முன்கூட்டித் திட்டமிட வேண்டியதாயிற்று. தோட்டத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவருக்குப் பிறப்புச் சான்று எங்கே கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் யோசிக்கவில்லை.

விமானம் இதற்குள் வந்துவிட்டிருந்தது. 1938-ல் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் ரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை வந்தது. பின்னர் திருச்சிக்கும் அந்த நிறுவனத்தின் விமானங்கள் வந்தன. வசதியுள்ள வியாபாரிக்கும் டாக்டருக்கும் அது உதவியது. பெரிய குடும்பங்கள் போட் மெயிலை விடவில்லை.

1964-ம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் எல்லாவற்றையும் புரட்டின. அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: இலங்கையில் நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு. 1974-ல் அந்த மீதியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் போட்ட இரண்டாவது மாதத்திலேயே, டிசம்பர் 22 நள்ளிரவில், புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், துறை மேடை எதுவும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் கண்களில் 126 விழுந்தன. தூக்குப் பாலம் தப்பியது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார்கள். தனுஷ்கோடி வரை மறுபடி தண்டவாளம் போடவில்லை. ஐந்து லட்சம் பேரை அழைத்துவர ஒப்புக்கொண்ட நேரத்தில், அழைத்துவரும் வழியே இல்லாமல் போனது.

பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. தினந்தோறும் அல்ல, வாரத்தில் சில நாட்கள், அதுவும் வாடைக் காலத்தில் நிறுத்திவைத்து. தோணிக்காரரின் பருவக் கணக்கு எஞ்சின் கப்பலையும் கட்டிப்போட்டது. அந்தக் கப்பல் ஏற்றி வந்தவர்களில் பெரும் பகுதி தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கத் தாளில் எழுதப்பட்டவர்கள். அவர்களில் பலர் இந்திய மண்ணை அதற்குமுன் பார்த்ததே இல்லை. தலைமன்னார்த் துறையில் வழியனுப்ப வந்த உறவினர் அழுத அழுகையால் அவர்கள் வந்த வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது. இந்தக் கரையில் பழைய மண்டபம் முகாம் அவர்களை வரவேற்கும் இடமாக மாறியது. குடும்ப அட்டையைக் காட்டி, உதவித் தொகையும் ரயில் சீட்டும் வாங்கிக்கொண்டு, குறித்த ஊருக்குப் போக வேண்டும். சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் சிலர் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். தாத்தாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்று மட்டும் தெரிந்தவர்கள் அந்தப் பெயரை நம்பி இங்கே வந்து இறங்கினார்கள். ஊரில் நிலமும் இல்லை, அடையாளம் சொல்ல ஆளும் இல்லை என்பது பலருக்கு வந்தபிறகே தெரிந்தது. கங்காணி ஏற்பாடு செய்த பயணத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு அரசாங்கங்கள் ஏற்பாடு செய்த பயணத்தில் திரும்பினார்கள். இரண்டு முறையும் அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டது. 1984-ல் ராமானுஜம் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் வைத்திருந்தும் கப்பலுக்காகக் காத்திருந்த பல்லாயிரம் பேர் மலையகத்திலேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்கு இலங்கை குடியுரிமை கிடைக்க 2003-ம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. சட்டப்படியான கப்பல் நின்றதும் கள்ளத்தோணி வழி திறந்தது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இரவில் படகேறி ராமேஸ்வரம் தீவின் மணல் திட்டுகளில் இறங்கிய அகதிக் குடும்பங்கள், அதே மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு மாவட்டங்களுக்குப் பிரிந்து போயின. புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. மூன்றாவது தலைமுறை அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது.

போர் 2009-ல் முடிந்தபின் கடல் வழியைத் திறக்கும் முயற்சிகள் வந்தன, போயின. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய 'ஸ்காட்டியா பிரின்ஸ்' அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. மறுகரையில், போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறந்தது. ரயில் துறை வரை வருகிறது. அங்கே ஏறக் கப்பல்தான் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட 'செரியபாணி' சில நாளே ஓடியது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பல் அந்த வழியைத் திரும்பப் பிடித்தது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம்; வாடைக் காலத்தில் அதுவும் நின்றுவிடும்.

வானில் நிலைமை மேல். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. கொழும்புக்குத் திருச்சியிலிருந்து ஏற்கெனவே விமானம் உண்டு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால் இந்த மாவட்டத்துக்காரர்கள் திருச்சி நகருக்குள் போகாமலே அதை அடைந்துவிடலாம். இன்று அந்த வாசலில் பெட்டியோடு நிற்கும் புதுக்கோட்டைக்காரர்களில் பெரும்பாலோர் போவது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும். கொழும்பு பலருக்கு விமானம் மாறும் இடம்.

ஆக, இப்போது புதுக்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு இலங்கை போக நினைப்பவருக்கு வழி இரண்டு. பாஸ்போர்ட்டும் இலங்கையின் இணையவழிப் பயண அனுமதியும் எடுத்துக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறலாம்; சாமான் அதிகம், கடலும் பார்க்க வேண்டும் என்றால் நாகப்பட்டினம் போய்க் கப்பல் பிடிக்கலாம். கப்பலுக்கு மாசி முதல் புரட்டாசி வரைதான் நம்பிக்கையான காலம். கிளம்புமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. போட் மெயில் என்ற பெயரில் ஒரு ரயில் இன்றும் புதுக்கோட்டை நிலையத்தில் நின்று போகிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் கடக்கும் அந்த வண்டியின் கடைசி நிலையம் ராமேஸ்வரம்.